மீன ராசி மனைவிக்கு ஒரு பிஸ்கட்

1999-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். நியூயார்க்கில் உள்ள அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் நீண்டதொரு தீர்ப்பை வழங்கியது. வழக்குக்குக் காரணம், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு சீஸ் பிஸ்கட்.

மோதிக்கொண்டவை இரண்டு பெரிய நிறுவனங்கள். ஒன்று நபிஸ்கோ; மற்றது பெப்பரிட்ஜ் ஃபார்ம். நிக்கலோடியன் தொலைக்காட்சியில் அப்போது ‘கேட்டாக்’ என்ற கார்ட்டூன் தொடர் வந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் பூனைத் தலையும் மறுபக்கம் நாய்த் தலையும் கொண்ட விலங்கின் கதை அது. அந்தத் தொடரை ஒட்டி நபிஸ்கோ ஒரு சீஸ் பிஸ்கட்டைத் தயாரித்தது. பொட்டலத்தில் பாதி அந்த இரட்டைத் தலை உருவம். கால் பங்கு, நாய்க்குப் பிடித்த எலும்பு வடிவம். மீதிக் கால் பங்கு, பூனைக்குப் பிடித்த மீன் வடிவம். அந்தக் கால் பங்கு மீன்தான் சிக்கலைக் கிளப்பியது. ஆரஞ்சு நிறத்தில், சீஸ் சுவையில், மீன் வடிவத்தில் ஒரு பிஸ்கட் என்றால் அது தங்களுடைய ‘கோல்ட்ஃபிஷ்’ மட்டுமே என்று பெப்பரிட்ஜ் ஃபார்ம் வாதிட்டது.

நீதிமன்றம் அதை ஏற்றது. அதற்குச் சொன்ன காரணம் சுவையானது. சீஸ் பிஸ்கட்டுக்கும் மீனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மீன் சுவையுள்ள பிஸ்கட்டை மீன் வடிவில் செய்தால் அது இயல்பு. யார் வேண்டுமானாலும் செய்யலாம். சீஸ் பிஸ்கட்டுக்கு மீன் வடிவம் என்பது ஒருவருடைய கற்பனையில் உதித்தது. அதனாலேயே அது அந்த நிறுவனத்தின் அடையாளமாகிவிட்டது. இன்னொருவரும் அதே மீனைக் கடையில் அடுக்கினால் அந்த அடையாளம் நாளடைவில் மங்கிப்போகும். கீழ் நீதிமன்றம் விதித்த தடை செல்லும் என்று தீர்ப்பானது. நபிஸ்கோவின் மீன்கள் கடைகளிலிருந்து விலகின.

சீஸுக்கும் மீனுக்கும் முடிச்சுப் போட்டவர் யார்? அந்தக் கதை அமெரிக்காவில் தொடங்கவில்லை.

எமென்டால் மலையடிவாரம்

சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில் எமென்டால் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. பெரிய பெரிய துளைகளோடு படங்களில் வரும் சீஸ் அந்த மண்ணுக்குரியது. அங்கே ட்ரூப்ஷாகன் என்ற சிற்றூரில் 1910-ல் கேம்ப்ளி குடும்பத்தார் பிஸ்கட் தொழிலைத் தொடங்கினார்கள். பாட்டி கைப்பக்குவத்தில் சுட்ட ‘ப்ரெட்ஸெலி’ என்ற மெல்லிய இனிப்பு பிஸ்கட்டே அவர்களுடைய முதல் சரக்கு. இன்றும் அதே ஊரில், அதே குடும்பத்தின் கையில் நிறுவனம் இருக்கிறது.

1958-ல் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஆஸ்கர் கேம்ப்ளி, மனைவியின் பிறந்தநாளுக்குத் தன் அடுப்பிலிருந்தே ஒரு பரிசு தர நினைத்தார். மனைவி மீன ராசிக்காரர். மேலை நாட்டுச் சோதிட வழக்கப்படி பிப்ரவரி 19 முதல் மார்ச் 20 வரை பிறந்தவர்கள் அந்த ராசியில் வருவார்கள். கேம்ப்ளி உப்பு பிஸ்கட் மாவைச் சின்னச் சின்ன மீன்களாக வெட்டிச் சுட்டார். வீட்டுக்குள் ஒருவருக்காகப் பிறந்த மீன், விரைவிலேயே விற்பனைக்கும் வந்தது.

அத்தோடு நின்றிருந்தால் அது ஓர் ஊரின் இனிய செய்தியாக மட்டுமே இருந்திருக்கும். உலகம் முழுக்க அதைக் கொண்டு சேர்த்தவர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலிருந்து சுவிட்சர்லாந்துக்கு வந்த ஒரு பெண்மணி. அவருடைய வாழ்க்கை தனியாகச் சொல்லப்பட வேண்டியது.

இளைப்பு வந்த மகனும் கல் போன்ற ரொட்டியும்

மார்கரெட் ருட்கின் 1897-ல் நியூயார்க்கில் பிறந்தவர். வங்கியில் கணக்கெழுதும் வேலை பார்த்தார். பிறகு பங்குத் தரகு நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். அங்கே சந்தித்த ஹென்றி ருட்கினை 1923-ல் மணந்தார். வசதி வந்ததும் இருவரும் கனெக்டிகட்டின் ஃபேர்ஃபீல்டில் பெரிய தோட்டம் வாங்கிக் குடியேறினார்கள். தோட்டத்தில் பெப்பரிட்ஜ் என்று அழைக்கப்படும் மரங்கள் நின்றன. தோட்டத்துக்கும் அதே பெயர் வைத்தார்கள்.

அதன்பின் சோதனைகள் அடுக்கடுக்காக வந்தன. 1929-ல் பங்குச் சந்தை சரிந்து, பெரும் பொருளாதார மந்தம் தொடங்கியது. போலோ விளையாட்டில் அடிபட்டு ஹென்றி பல மாதங்கள் வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். இளைய மகன் மார்க்குக்கு ஆஸ்துமா. கடையில் விற்கும் பல உணவுகள் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

கலப்பில்லாத உணவு கொடுத்துப் பார்க்கலாம் என்ற ஆலோசனை வந்தபோது, மார்கரெட் தாமே ரொட்டி சுடுவது என்று முடிவெடுத்தார். அதற்கு முன் அவர் ரொட்டி சுட்டதே இல்லை. கல் திரிகையில் அரைத்த முழுக் கோதுமை மாவு, வெண்ணெய், பால், தேன் இவற்றைக் கொண்டு முயன்றார். முதல் ரொட்டி ஓர் அங்குல உயரத்துக்கு மேல் எழும்பவில்லை, கல்லாக இறுகிவிட்டது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். விடாமல் சுட்டுப் பக்குவம் கண்டார். ரொட்டி மகனுக்கு ஒத்துக்கொண்டது. மருத்துவர் மற்ற நோயாளிகளுக்கும் அதைப் பரிந்துரைத்தார்.

1937-ல் வீட்டில் சுட்ட சில ரொட்டிகளை ஃபேர்ஃபீல்டில் உள்ள மளிகைக் கடைக்கு எடுத்துச் சென்றார். அப்போது சாதாரண ரொட்டி 10 சென்ட் அளவில் விற்றது. மார்கரெட் சொன்ன விலை 25 சென்ட். கடைக்காரர் தயங்கியபோது, ஒரு துண்டை வெட்டிச் சாப்பிடக் கொடுத்தார். ரொட்டி விற்றுத் தீர்ந்தது. தினமும் ரயிலில் நியூயார்க்குக்கு வேலைக்குப் போய்வந்த ஹென்றி, ரொட்டிகளைத் தம்மோடு சுமந்து சென்று அங்கே ஒரு பெரிய கடையில் சேர்த்தார். 1939 டிசம்பரில் ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ இதழில் அந்த ரொட்டியைப் பற்றிக் கட்டுரை வந்ததும் நாடெங்கிலுமிருந்து கடிதங்கள் குவிந்தன.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பங்கீடு வந்தது. மட்டமான மாற்றுப் பொருளைச் சேர்த்து உற்பத்தியைக் கூட்டுவதைவிட, நல்ல பொருள் கிடைக்கும் அளவுக்கு மட்டும் சுடுவது என்று மார்கரெட் உறுதியாக நின்றார். போர் முடிந்தபின், 1947 ஜூலை 4-ம் தேதி, நார்வாக் நகரில் பெரிய தொழிற்கூடத்தைத் திறந்தார். 1961-ல் கேம்ப்பெல் சூப் நிறுவனம் 28 மில்லியன் டாலர் மதிப்பில் பெப்பரிட்ஜ் ஃபார்மை வாங்கியது. விற்ற பிறகும் நிறுவனத்தை நடத்தியவர் மார்கரெட்தான். கேம்ப்பெல் இயக்குநர் குழுவில் இடம்பெற்ற முதல் பெண்ணும் அவரே. 1963-ல் அவர் எழுதிய சமையல் நூல் பெருவிற்பனை கண்டது. 1967-ல் காலமானார்.

ஐரோப்பாவில் நல்ல பிஸ்கட்டைக் கண்டால் அதைச் செய்தவரோடு ஒப்பந்தம் போட்டு அமெரிக்காவுக்குக் கொண்டுவருவது மார்கரெட்டின் வழக்கம். 1950-களில் பெல்ஜியத்தின் டெலாக்ர் நிறுவனத்தோடு அப்படி ஒப்பந்தம் செய்துதான் ஐரோப்பிய நகரங்களின் பெயர் தாங்கிய இனிப்பு பிஸ்கட் வரிசையை அறிமுகப்படுத்தினார். சுவிட்சர்லாந்துப் பயணத்தில் கேம்ப்ளியின் மீன்களைப் பார்த்தபோதும் அதே கண்ணால்தான் பார்த்தார். 1962-ல் கோல்ட்ஃபிஷ் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது.

பெரியவர்களின் தட்டில்

இன்று கோல்ட்ஃபிஷ் என்றதும் அமெரிக்கர்களுக்கு நினைவுக்கு வருவது குழந்தைகள். பள்ளிக்குப் போகும் பையில், காரின் பின்னிருக்கையில், தள்ளுவண்டியில் அமர்ந்திருக்கும் ஒன்றரை வயதுக் குழந்தையின் கையில் என்று எங்கும் அதைப் பார்க்கலாம். அமெரிக்காவில் குடியேறிய தமிழர் வீடுகளுக்கும் பள்ளி வழியாக அது வந்து சேர்ந்துவிட்டது.

ஆனால் 1962-ல் வந்த மீன் பெரியவர்களுக்கானது. மாலை விருந்தில் மதுவோடு கொறிக்கவும், சூப்பின் மேல் தூவிக்கொள்ளவும் ஏற்ற பிஸ்கட் என்றே அது விற்கப்பட்டது. மென்மையான உப்பு, சீஸ், பார்பிக்யூ, பீட்சா, புகைச்சுவை என்று ஐந்து வகைகள் முதலில் வந்தன. இன்று எல்லோரும் அறிந்த செடார் சீஸ் வகை 1966-ல்தான் பிறந்தது. பிரெஞ்சு சமையலை அமெரிக்கர்களுக்குக் கற்றுக்கொடுத்த புகழ்பெற்ற ஜூலியா சைல்ட், நன்றி நவிலும் நாள் விருந்துக்கு முன்பு விருந்தினர்களுக்குக் கிண்ணத்தில் கோல்ட்ஃபிஷ் வைப்பாராம். 1988-ல் டிஸ்கவரி விண்கலத்திலும் இந்த மீன்கள் பயணம் போயின. எடையற்ற நிலையில் ரொட்டித் துகள் பறந்து கருவிகளுக்குள் புகுந்துவிடும் ஆபத்து உண்டு. கடிக்காமல் முழுதாக வாய்க்குள் போகும் தின்பண்டத்துக்கு அங்கே மதிப்பு அதிகம்.

அதே குணம்தான் குழந்தைகளிடமும் கோல்ட்ஃபிஷ்ஷைக் கொண்டு சேர்த்தது. ஒரு வாய்க்கு ஒன்று. விரல் நுனியால் எடுக்கப் பழகும் பிள்ளைக்கு அளவாக இருக்கிறது. கையில் ஒட்டாது, உருகாது, உடையில் கறை படுத்தாது. பெற்றோர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். பெற்றோர்களை நிறுவனம் கண்டுகொண்டது. 1997-ல் வெட்டும் அச்சில் ஒரு கண்ணும் புன்னகையும் சேர்க்கப்பட்டன. திருப்பிப் பார்த்துச் சிரிக்கும் தின்பண்டம் என்று விளம்பரங்கள் பாடின. எல்லா மீனும் சிரிப்பதில்லை. ஏறக்குறைய 40 விழுக்காடு மீன்கள்தான் சிரிக்கும் என்று நிறுவனமே சொல்லியிருக்கிறது. 2000-களின் நடுவில் கறுப்புக் கண்ணாடி அணிந்த ‘ஃபின்’ என்ற மீன் பாத்திரம் விளம்பரங்களுக்கு வந்தது. பல நிறங்கள், சின்ன மீன், குட்டி மீன் என்று வகைகள் பெருகின.

செய்முறையின் அடிப்படை பெரிதாக மாறவில்லை. உண்பவர் மாறிவிட்டார். பெரியவர்கள் மாலையில் நாலு எடுத்துக் கொறிக்கச் செய்த பண்டம், இரண்டு வயதுப் பிள்ளையின் அன்றாட உணவில் இடம்பிடித்துவிட்டது. இந்த மாற்றத்தைப் பலரும் நின்று யோசிப்பதில்லை.

அதே குலத்தில் மூத்தது

சீஸ் சேர்த்துச் சுட்ட சிறு பிஸ்கட் என்ற எண்ணம் கோல்ட்ஃபிஷ்ஷோடு பிறந்ததல்ல. 1921-ல் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் கிரீன் அண்ட் கிரீன் என்ற நிறுவனம் ‘சீஸ்-இட்’ என்ற சதுர பிஸ்கட்டை விற்கத் தொடங்கியது. சுட்ட ரொட்டியின் மேல் உருகிய சீஸ் குழம்பை ஊற்றி உண்ணும் ‘வெல்ஷ் ரேர்பிட்’ என்ற பண்டத்தின் சுவையை, கெடாத உலர் வடிவில் கொடுப்பதே அவர்கள் நோக்கம். பின்னாளில் அந்த பிஸ்கட் சன்ஷைன், கீப்ளர், கெலாக், கெலனோவா என்று கைமாறிக்கொண்டே போனது. 2024-ல் கெலனோவாவை வாங்கப்போவதாக மார்ஸ் நிறுவனம் அறிவித்தது. கோல்ட்ஃபிஷ் மட்டும் அமெரிக்காவில் கால் வைத்த நாள் முதல் ஒரே வீட்டில் இருக்கிறது.

மாவும் சீஸும் நீராவியும்

பொட்டலத்தின் பக்கவாட்டில் உள்ள பட்டியலைப் படித்தால் முதலில் வருவது சத்தூட்டிய கோதுமை மாவு. இரண்டாவது செடார் சீஸ். பிறகு கனோலா அல்லது சூரியகாந்தி எண்ணெய். அதன்பின் உப்பு, ஈஸ்ட், கொஞ்சம் சர்க்கரை, வெங்காயப் பொடி, மசாலாப் பொருள்கள், சமையல் சோடா போன்றவை சிறிய அளவில்.

செடார் என்பது இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் உள்ள ஒரு கிராமத்தின் பெயர். பாலைத் திரித்து, திரண்ட கட்டியைப் பாளங்களாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் திரும்பத் திரும்பப் புரட்டுவார்கள். பாளங்களின் எடையே உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியேற்றும். பிறகு உப்புச் சேர்த்து அழுத்தி, மாதக் கணக்கில் முதிர விடுவார்கள். முதிரும்போது பால் புரதம் சிறு கூறுகளாக உடைகிறது. அவற்றில் ஒன்று குளூட்டமேட். காளான், தக்காளி இவற்றில் நாக்கைச் சப்புக்கொட்ட வைக்கும் அந்த ஆழ்ந்த சுவை இதனால் வருவதுதான். சீஸ் பிஸ்கட்டில் உப்பும் கொழுப்பும் குளூட்டமேட்டும் ஒன்றுகூடுகின்றன. மொறுமொறுப்பும் சேர்ந்துவிட்டால் கை மறுபடியும் கிண்ணத்துக்குள் போவதில் வியப்பில்லை.

சீஸ் சேர்ந்த மாவைக் கையாள்வது எளிதல்ல. சீஸில் உள்ள கொழுப்பு, கோதுமைப் புரதம் இழை இழையாகப் பின்னிக்கொள்வதைத் தடுக்கிறது. அதனால் பிஸ்கட் பொருபொருவென்று உடையும். ஆனால் அளவு கூடினால் மாவுத் தகடு அறுந்துவிடும். சீஸில் உள்ள உப்பு ஈஸ்டின் வேகத்தையும் குறைக்கும். இவற்றுக்கெல்லாம் நடுவே அளவு காண்பதுதான் பேக்கரிக்காரரின் திறமை.

பிசைந்த மாவை உருளைகளுக்கு இடையே விட்டுப் படிப்படியாக மெல்லிய தகடாக்குகிறார்கள். மீன் அச்சுப் பதித்த சுழலும் உருளை அதை வெட்டிக்கொண்டே போகிறது. வெட்டியது போக எஞ்சிய மாவு வீணாவதில்லை. பொதுவாக அது மறுபடியும் பிசையும் தொட்டிக்கே திரும்பிவிடும். மீன்கள் உலோகப் பட்டையில் வரிசையாக நீண்ட அடுப்புக்குள் நுழைகின்றன.

உள்ளே நடப்பது வேகமான வேலை. மாவில் உள்ள நீர் ஆவியாகி வெளியேறத் துடிக்கிறது. சமையல் சோடாவும் அம்மோனியம் பைகார்பனேட்டும் சூட்டில் பிரிந்து வாயுவாகின்றன. அம்மோனியம் பைகார்பனேட்டை மெல்லிய பிஸ்கட்டுக்குத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. அது சூட்டில் முழுவதும் வாயுவாகிவிடும். உப்போ கசப்போ மிஞ்சாது. கனத்த கேக்கில் அம்மோனியா வாடை உள்ளேயே தங்கிவிடும் என்பதால் அங்கே அதைப் பயன்படுத்த மாட்டார்கள்.

நம் ஊர் உப்பு பிஸ்கட்டின் மேல் வரிசையாகத் துளைகள் இருப்பதைப் பார்த்திருப்போம். ஆவி வெளியேறி பிஸ்கட் தட்டையாக இருக்கவே அந்தத் துளைகள். கோல்ட்ஃபிஷ்ஷில் அப்படி வரிசைத் துளைகள் கிடையாது. ஆவி உள்ளேயே மாட்டிக்கொள்ள, பூரி எழும்புவது போல மேல்தோலும் கீழ்த்தோலும் பிரிந்து மீன் உப்புகிறது. ஒன்றை உடைத்துப் பார்த்தால் உள்ளே வெற்றிடம். பல்லில் பட்டதும் நொறுங்கும் அந்தச் சத்தத்துக்கு இந்த வெற்றிடமே காரணம்.

அடுப்பிலிருந்து வெளிவரும்போது ஈரம் மிகச் சொற்பமாகத்தான் இருக்க வேண்டும். ஓரம் காய்ந்து நடு ஈரமாக இருந்தால், ஆறும்போது பிஸ்கட் தானே விரிசல் விடும். பொட்டலத்துக்குள் காற்றின் ஈரம் புகுந்தால் நமுத்துப்போகும். உட்புறம் பளபளக்கும் உறைகளில் இதை அடைப்பது அதனால்தான்.

பொன் நிறத்தின் பின்னணி

பொன்மீனின் நிறம் பற்றிப் பலருக்கும் ஐயம் இருக்கும். செடார் சீஸ் இயல்பில் வெளிர் மஞ்சள்தான். பசும்புல் மேய்ந்த மாட்டின் பாலில் கரோட்டின் மிகுந்திருக்கும். அந்தப் பாலில் செய்த சீஸ் சற்று அழுத்தமான மஞ்சளாக இருக்கும். மஞ்சள் நிறம் கொழுப்பு நிறைந்த நல்ல சீஸின் அடையாளம் என்று வாங்குவோர் நம்பத் தொடங்கினார்கள். 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயே, பாலாடையை எடுத்துவிட்ட பாலில் சீஸ் செய்தவர்கள் குறையை மறைக்க நிறம் சேர்த்தார்கள். குங்குமப்பூ, சாமந்தி, கேரட் சாறு எல்லாம் பயன்பட்டன. கடைசியில் நிலைத்தது அன்னாட்டோ.

அன்னாட்டோ தென்னமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த ஒரு சிறு மரம். முள் முள்ளான காய்க்குள் இருக்கும் விதைகளின் மேற்பூச்சிலிருந்து இந்தச் சிவந்த மஞ்சள் சாயம் எடுக்கிறார்கள். தமிழ்நாட்டுத் தோட்டங்களிலும் அழகுக்காக இந்த மரத்தை வளர்ப்பவர்கள் உண்டு. கோல்ட்ஃபிஷ்ஷின் நிறத்துக்கு அன்னாட்டோவும், பாப்ரிகா என்னும் காரம் குறைந்த மிளகாய்த் தூளும் காரணம். பலவண்ண மீன்களுக்குப் பீட்ரூட் சாறு, மஞ்சள் போன்ற தாவர நிறங்களையே சேர்க்கிறார்கள். செயற்கைச் சாயம் மிகுந்த அமெரிக்கத் தின்பண்டச் சந்தையில் இது பாராட்டத்தக்க முடிவு.

55 மீன்களின் கணக்கு

அமெரிக்கப் பொட்டலத்தில் ஒரு வேளைக்குரிய அளவு 55 மீன்கள் என்று போட்டிருக்கிறது. எடை 30 கிராம். அதில் 140 கலோரி, 5 கிராம் கொழுப்பு, 250 மில்லிகிராம் சோடியம்.

எண்ணெயில் பொரிக்காமல் அடுப்பில் சுட்டது என்ற சொல் பெற்றோர்களுக்கு நிம்மதி தருகிறது. கொழுப்பைப் பொறுத்தவரை அந்த நிம்மதிக்கு அடிப்படை இருக்கிறது. ஏறக்குறைய இதே எடையுள்ள உருளைக்கிழங்கு சிப்ஸில் கொழுப்பு சுமார் 10 கிராம், அதாவது இரு மடங்கு. ஆனால் சோடியத்தைப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிறது. சாதாரண உப்பு சிப்ஸில் பெரும்பாலும் 170 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். சுட்ட சீஸ் பிஸ்கட்டில் அதைவிட அதிகம். சிப்ஸின் உப்பு மேற்பரப்பில் இருப்பதால் நாக்கில் உடனே கரிக்கிறது. பிஸ்கட்டின் உப்பு மாவுக்குள்ளும் சீஸுக்குள்ளும் கலந்திருப்பதால் அவ்வளவாகத் தெரிவதில்லை.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1 முதல் 3 வயதுப் பிள்ளைகளுக்கு அமெரிக்க வழிகாட்டுதல் வகுத்த வரம்பு 1,200 மில்லிகிராம். 55 மீன்கள் தின்றால் அந்த வரம்பில் ஐந்தில் ஒரு பங்கு முடிந்துவிடும். மதுக்கிண்ணத்தின் பக்கத்தில் வைத்துக் கொறித்த பெரியவர்களுக்கு இது பொருட்டல்ல. பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது பொருட்படுத்த வேண்டிய அளவு.

பல்லுக்கும் கவனம் தேவை. இனிப்பு இல்லாததால் சீஸ் பிஸ்கட் பல்லைக் கெடுக்காது என்று நினைக்கிறோம். மென்ற மாவு கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும். எச்சிலில் உள்ள நொதி அந்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். வாயில் உள்ள நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்கும். நாள் முழுக்க ஒவ்வொன்றாகக் கொறித்துக்கொண்டே இருக்கும் பிள்ளையின் பற்கள் நாள் முழுக்க அந்த அமிலத்தில் ஊறும். ஒரே வேளையில் தின்று தண்ணீர் குடிக்கும் பிள்ளைக்கு அந்தக் கேடு குறைவு.

2018 ஜூலையில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். மேலே தூவும் சுவைப்பொடியில் சேர்ந்த வே பவுடரில், அதாவது சீஸ் திரட்டும்போது பிரியும் நீரை உலர்த்தி எடுத்த தூளில், சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்று அதை வழங்கிய நிறுவனம் எச்சரித்தது. பெப்பரிட்ஜ் ஃபார்ம் நான்கு வகை கோல்ட்ஃபிஷ்களைத் தானாகவே முன்வந்து திரும்பப் பெற்றது. யாருக்கும் நோய் வந்ததாகத் தகவல் இல்லை. கிருமி ஐயம் எழுந்தது மாவிலோ சீஸிலோ அல்ல, வெளியிலிருந்து வாங்கிய ஒரு பொடியில். ஒரு பண்டத்தின் சேர்மானப் பட்டியல் நீளும்போது, கண்காணிக்க வேண்டிய கைகளும் கூடுகின்றன.

மறுபடியும் பெரியவர்களைத் தேடி

2024 அக்டோபரில் கோல்ட்ஃபிஷ் சில நாட்களுக்குத் தன் பெயரை மாற்றிக்கொண்டது. உயர்தர உணவகங்களில் பரிமாறப்படும் ‘சிலியன் சீ பாஸ்’ மீனின் பெயரில் பொட்டலங்கள் இணையத்தில் விற்பனைக்கு வந்தன. வளர்ந்தவர்களும் இதை உண்ணலாம் என்று நினைவூட்டவே இந்தப் பெயர் மாற்றம் என்று நிறுவனம் அறிவித்தது. 1962-ல் யாருக்காக விற்கத் தொடங்கினார்களோ, அவர்களையே மறுபடி அழைக்க ஒரு விளம்பரம் தேவைப்பட்டிருக்கிறது. அந்த அளவுக்கு இந்த மீன் குழந்தைகளுக்கு உரியதாகிவிட்டது.

குழந்தைக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்பதில்லை. உண்மையான சீஸ் சேர்ந்த, செயற்கைச் சாயக் கலப்பில்லாத, நன்றாகச் சுட்ட பண்டம் இது. பொட்டலத்தைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல், சிறு கிண்ணத்தில் இருபது மீன்களை எண்ணிப் போட்டு, கூடவே நாலு துண்டுப் பழமும் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தால் உப்பும் அளவோடு நிற்கும், பல்லும் தப்பும். சுவைப்பொடி கூடுதலாகத் தூவிய வகைகளைவிடச் சாதாரணச் செடார் வகையே சிறு பிள்ளைகளுக்கு நல்லது.

எந்த சீஸ் பிஸ்கட்டை வாங்கினாலும் உறையின் பக்கவாட்டைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். அமெரிக்காவிலும் சரி, இந்தியாவிலும் சரி, சேர்மானங்களை எடையில் அதிகமானது முதலில் வரும்படி வரிசைப்படுத்த வேண்டும் என்பது சட்டம். சீஸ் எந்த இடத்தில் வருகிறது, சீஸே இல்லாமல் ‘சீஸ் சுவை’ மட்டும் இருக்கிறதா, எண்ணெய் எது, சோடியம் எவ்வளவு என்று நான்கு கேள்விகளுக்கு விடை அந்தச் சின்ன எழுத்துகளிலேயே இருக்கிறது. மகனுக்காக மாவு முதல் தேன் வரை பார்த்துப் பார்த்துச் சேர்த்த மார்கரெட் ருட்கின் 1937-ல் செய்ததும் இந்தச் சோதனைதான். அன்று அதற்கு அவர் தாமே ரொட்டி சுட வேண்டியிருந்தது. இன்று கடையில் நின்று அரை நிமிடம் படித்தால் போதும்.